கவிழ்க்காத தட்டு

இராயப்பர்துறையில் அடித்த புயல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நிழல்களை மட்டும் விட்டுவிட்டுப் போனது. இரண்டு பகலும் நடுவில் ஒரு இரவும் அடித்த காற்றில் கடற்கரைத் தோப்பிலிருந்த தென்னை அத்தனையும் போயிற்று, மீன் ஏலக் கொட்டகையின் தகரம் போயிற்று, பேருந்து நிற்கிற இடத்து வாதாமரம் போயிற்று, கோயில் கோபுரத்தின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த சிலுவை போயிற்று. மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில், அடித்தவரே அடித்த கையால் தலையைத் தடவிக்கொடுப்பதுபோல, இளவெயில் வந்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் ஈரத்துணியோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்த ஜனங்கள் வெளியே வந்து பார்த்தபோது தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை, ஆனால் தென்னைகளின் நிழல் வரிசை வரிசையாக மணலில் கிடந்தது, அதன் கீற்றுகள் அசைந்தன, வாதாமரத்தின் நிழல் தார்ச்சாலையில் குடை விரித்திருந்தது, சிலுவையின் நிழல் காலை ஏழு மணிக்கு எப்போதும் விழுகிற இடத்தில், சாமியார் பங்களாச் சுவரில், கொஞ்சமும் சாயாமல் விழுந்திருந்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. கூச்சல் போடுவதற்கும் உடம்பில் ஒரு சத்து வேண்டும், அது அன்றைக்கு அந்த ஊரில் யாரிடமும் மிச்சம் இல்லை. இருபத்துமூன்று வயது பிரிஜித்தா இடுப்பில் ஏழு மாதப் பிள்ளை ஸ்டெல்லாவும் ஒரு காலில் மட்டும் செருப்புமாக நின்று, திருடன் வந்துபோன வீட்டில் மிச்சமிருக்கும் சாமானைப் பார்ப்பதுபோல அந்த நிழல்களைப் பார்த்தாள். ஒரு கால் மணலில் ஜில்லென்று இருந்தது, மற்றது இல்லை. அதுதான் அந்தக் காலையைப் பற்றி அவளுக்குப் பிற்பாடு நினைவிருந்த ஒரே சங்கதி. அவள் புருஷன் ததேயுஸ், 'நல்ல மேய்ப்பன்' என்கிற விசைப்படகில் ஆறு பேரோடு, புயலுக்குப் பன்னிரண்டு நாள் முந்தி, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போயிருந்தான். ஊரிலிருந்து போன மூன்று படகுகள் திரும்பவில்லை. காற்று எங்கே பிறந்தது என்று வானொலி சொன்ன இடத்தில்தான் அந்த மூன்றும் வலை விட்டிருந்தன.

நிழல்களோடு ஊர் பழகிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. டீக்கடை பவுலு முறிந்துபோன கடையிலிருந்து அடுப்பையும் பாய்லரையும் பொறுக்கிக்கொண்டுவந்து, இல்லாத வாதாமரத்தின் நிழலில் கடை போட்டார். கொட்டகை இழந்த ஏலக்காரர்களும், ஆட்டுக்குட்டிகளும், வலை பின்னுகிறவர்களும் அந்த நிழலுக்குள் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள், வெயில் நகர நகர எல்லோரும் சேர்ந்து நகர்ந்தார்கள்.

"பவுலு, டீயாவது நெசமாடே, இல்ல அதும் நெழலுதானா?"

"குடிச்சு நாக்கு சுட்டா நெசம், சுடலேன்னா நெழலு. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லும்."

காகங்கள்தான் ஏமாந்தன. கீழே நிழலைப் பார்த்து மேலே கிளை இருக்குமென்று நம்பி இறங்கி, காலை நீட்டி, ஒன்றுமே அகப்படாமல் காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டுவிட்டு வெட்கத்தோடு பறந்தன. நெற்றுத் தேங்காயின் நிழல் சில நேரம் சத்தமில்லாமல் மணலில் விழும், ஆட்கள் பதறி விலகுவார்கள், விலகிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மறுபடி உட்காருவார்கள். தோப்புக்காரர் மத்தியாஸிடம் கருவாடு காயப்போடுகிற ஒருத்தி சண்டைக்குப் போனாள்: "ஒம்ம மரம் உசிரோட நின்னப்பவும் எனக்க கருவாட்டக் காய விடல, செத்த பொறவும் விடலேல்லா!"

அந்த மத்தியாஸ்தான் நிழலின் சட்டத்தைக் கண்டுபிடித்தவர், அதுவும் தெரியாமல் செய்த காரியத்தில். கன்று நடலாமென்று ஒரு தென்னையின் அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுத்தார். வேர் மண்ணைவிட்டு வெளியே வந்த நிமிஷத்தில், நீளமாகக் கிடந்த அந்தத் தென்னையின் நிழல் பாயைச் சுருட்டுவதுபோல நுனியிலிருந்து சுருண்டு வந்து குழிக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று, அந்த இடத்தில் வெறும் வெயில் அறைந்தது. மத்தியாஸ் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து, மரம் விழுந்த அன்றைக்கு அழாத அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு ஊரில் யாரும் ஒரு கட்டையையும் தொடவில்லை. மரம் போனது போனதுதான், கட்டை கிடக்கிறவரைக்கும் நிழலாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை கடற்கரை மணலில் ஒரு படகின் நிழல் வந்து கிடந்தது. படகு இல்லை. கொடிக்கம்பும், சக்கரம் பிடிக்கிற அறையும், முன்பக்கத்து அணியத்தில் கட்டியிருந்த பழைய டயர்களும் நிழலில் அப்படியே தெரிந்தன. 'சலேத் மாதா' என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தப் படகில் போன ஒன்பது பேரின் நிழலும் அவரவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

இராயப்பர்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவனின் சாப்பாட்டுத் தட்டை அவன் வருகிறவரை கவிழ்த்து வைக்கமாட்டார்கள். நிமிர்த்தியே வைத்து, ஒவ்வொரு வேளையும் அதில் ஒரு கை சோறு போட்டு, வேளை தாண்டியதும் எடுத்துக் காகத்துக்கு வைத்துவிட்டு, கழுவி மறுபடி நிமிர்த்தி வைப்பார்கள். அவன் வராமலே போனால், போனான் என்று சாமியார் சொன்னாலும் கணக்கில்லை, சர்க்கார் சொன்னாலும் கணக்கில்லை; பெண்டாட்டியோ தாயோ தன் கையால் அந்தத் தட்டைக் கவிழ்த்தால்தான் கோயில்பிள்ளை துக்க மணியின் கயிற்றைத் தொடுவார். அன்றைக்கு ஒன்பது வீட்டில் ஒன்பது தட்டு கவிழ்ந்தது, கோயில்பிள்ளை சந்தியாகு இருட்டுகிறவரை மணி அடித்தார், ஒவ்வொரு மணிக்கும் ஒரு வாசலில் ஒரு நிழல் சுருண்டு போயிற்று. மறுநாள் இரண்டாவது படகான 'மூன்று அரசர்' படகின் நிழல் வந்தது. எட்டுத் தட்டு. எட்டு மணி.

'நல்ல மேய்ப்பன்' வரவில்லை.

அந்தப் படகை ஓட்டுகிற எரோணிமுஸின் பெண்டாட்டி டெல்பின், பிரிஜித்தா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவள், ஏழு வீட்டுப் பெண்களையும் கூட்டி வைத்துக்கொண்டு விரல் விட்டுச் சொன்னாள். "கேட்டியளா, போட்டு முங்கிப் போனா போட்டுக்க நெழலு வந்துரும். வரலேல்லா? அப்போ போட்டு கெடக்கு. போட்டு கெடந்தா ஆளு கெடக்கு. ஆரும் மூக்கச் சிந்தப்பிடாது. தட்டுல சோறப் போடுங்க."

ஏழு பேரும் போய்த் தட்டில் சோற்றைப் போட்டார்கள்.

ஏழாம் நாள் புதன்கிழமை காலையில் பிரிஜித்தா பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வாசலைப் பார்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தது. அவள் திரும்பினாள். வாசலில் ஆள் இல்லை. உள்ளே தரையில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. இடது கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, உள்ளங்கால் மண்ணைத் தட்டுகிற நிழல். கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுக்குள் வருகிற ஒவ்வொரு தடவையும் ததேயுஸ் அப்படித்தான் நின்று மண்ணைத் தட்டுவான். நிலைப்படியைப் பிடித்திருந்த கையில் மோதிர விரல் பாதியோடு நின்றது. மீதியைப் போன வருஷம் ஒரு கயிறு தின்றிருந்தது. மண்ணைத் தட்டி முடித்ததும் நிழல் உள்ளே வந்து சுவரோரமாக நின்றது, வெயில் கூரை வழியாக இறங்குகிற இடத்தில். கூரையில் பாதி ஓட்டைப் புயல் கொண்டுபோயிருந்ததால் அந்த வீட்டில் வெயிலுக்குக் குறைவில்லை.

பிரிஜித்தா கையிலிருந்த ஈரத்துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அவள் படித்தது கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, சொல்லாமல் விடுவதும் பொய்யின் தங்கச்சிதான் என்று அங்கே ஒரு சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். அந்தத் தங்கச்சியை அவள் அன்றைக்கு வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்: எல்லோரும் வருவார்கள், தட்டைப் பார்ப்பார்கள், அவள் கையைப் பார்ப்பார்கள், கோயில்பிள்ளை தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பார். அவள் தட்டைக் கவிழ்ப்பாள், மணி அடிக்கும், இந்த நிழலும் பாய்போலச் சுருண்டுவிடும். அது மட்டும் இல்லை. மற்ற ஆறு வீட்டிலும் ஆறு பெண்கள் நிமிர்ந்த தட்டில் சோறு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

நிவாரணத்தில் வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். பிரிஜித்தா இரண்டு கேட்டு நின்றாள்.

"எல்லாருக்கும் ஒண்ணு, ஒனக்கு மட்டும் எதுக்காக்கும் ரெண்டு?" என்றார் கொடுக்க வந்தவர்.

"பிள்ளைக்கு வெயிலு ஆகாது சார்."

கூரையின் ஓட்டையெல்லாம் மூடினாள், ஜன்னலுக்குச் சேலை கட்டினாள், ஓட்டின் இடுக்கில் வருகிற கம்பிபோன்ற வெயிலைக்கூடப் பழந்துணி வைத்து அடைத்தாள். வீடு பகலிலும் இருண்டது. வெயில் இருந்தால்தானே நிழல்? வெளியாட்கள் பார்க்காதபடி மூடி மூடி, அவளும் அவனைப் பார்க்க முடியாமல் போயிற்று. இருட்டில் எந்த மூலையில் நிற்கிறான் என்று தெரியாமல், மிதித்துவிடக் கூடாதே என்று சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். புருஷனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனைத் தேடுகிறவள் ஆனாள்.

பிள்ளைக்கு அந்த இருட்டு பிடிக்கவில்லை. புயல் ராத்திரியிலிருந்து ஸ்டெல்லா சரியாக உறங்குவதில்லை, பாத்திரம் கீழே விழுந்தாலும் உடம்பு தூக்கிப்போடும், கண் அசந்தால் கை இரண்டும் காற்றைப் பிடிக்கும். ஒரு நாள் மத்தியானம் அழுகையை அடக்க முடியாமல் பிரிஜித்தா கதவின் தாழை மூன்று தடவை பார்த்துவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையை மட்டும் கம்பால் தூக்கினாள். சுளகு அகலத்துக்கு வெயில் தரையில் விழுந்தது. மார்கழி நெருங்குகிற மாதத்தில் உச்சி வெயிலும் நேராக இறங்குவதில்லை, அதனால் அந்த வெயிலில் அவன் நிழல் ஒரு சின்னப் பையனின் உயரத்துக்குக் கிடந்தது. ஸ்டெல்லா முட்டி போட்டு நகர்ந்து போய் அதன் நெஞ்சுக்கு நேராகப் படுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, உறங்கிப் போயிற்று. பிரிஜித்தா தன் கையை வைத்துப் பார்த்தாள். நிழல் விழுந்த சிமெண்டுத் தரை ஆற்றுமணல்போலக் குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அது தினசரி ஆயிற்று. உச்சி வேளையில் ஒரு மணி நேரம் தார்ப்பாயின் முனை தூக்கும், நிழல் விழும், பிள்ளை உறங்கும், தாய் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரில் அன்றன்றைக்கு நடந்ததை அவனிடம் மெதுவாகச் சொல்வாள். கரெண்ட் இன்னும் வரவில்லை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, இந்த வருஷம் குடில் கட்டப்போவதில்லையாம். அவன் கேட்டானா என்பது அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் அவன் அவ்வளவாகப் பதில் சொல்கிறவன் இல்லை.

ஒரு நாள் அந்த நேரம் பார்த்து டெல்பின் கதவைத் தட்டினாள். பிரிஜித்தா பாய்ந்து தார்ப்பாயை இறக்கிவிட்டுத் தாழைத் திறந்தாள்.

"ஏட்டி, என்னட்டி இது வௌவாலு பொத்து மாதிரி? பட்டப்பகல்ல விளக்கு வேணும்போல இருக்கு!"

"தலை வலிக்கி மைனி. வெளிச்சம் கண்ணுல குத்துது."

டெல்பின் இருட்டில் தடவிக்கொண்டு நேரே அடுக்களைப் பலகைக்குப் போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து இருந்தது, சோறும் இருந்தது. அவள் மூச்சு விட்டது பிரிஜித்தாவுக்குக் கேட்டது. ஊரையே அதட்டுகிற டெல்பின், ஆறு வீட்டுக்கும் தைரியம் சொல்கிற டெல்பின், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீடாக வருவது தைரியம் சொல்ல அல்ல, தட்டைத் தொட்டுப் பார்க்க என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நீ சின்னப் பிள்ள, எங்க கவுத்துருவியோன்னுதான் எனக்கு ஒறக்கமே இல்ல," என்றாள் டெல்பின். "ஒருத்தி கவுத்தா போரும் மக்களே, மத்த ஆறு பேருக்க கையும் தானா கவுத்துரும். கவுத்திர மாட்டல்லா?"

"மாட்டேன் மைனி."

"சத்தியமா?"

"பிள்ள மேல சத்தியமா."

டெல்பின் நின்ற இடம் ததேயுஸ் நிற்கிற இடம்.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை, சாமியார் பங்களாவில் ஜெனரேட்டரில் ஏற்றி வைத்திருந்த ஒரே போனுக்கு எரோணிமுஸிடமிருந்து அழைப்பு வந்தது. வடக்கே எங்கோ, பாஷை புரியாத ஒரு துறைமுகம். "நல்ல மேய்ப்பன் கர சேந்தாச்சு, நாங்க பொறப்புட்டு வாறோம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சாமியார் ஒலிபெருக்கி வேலை செய்யாததை மறந்து அதில் கத்தினார், பிறகு செருப்புப் போடாமல் தெருவில் ஓடினார்.

டெல்பின் வந்து பிரிஜித்தாவின் கதவை இடித்த இடியில் தாழ் கழன்று விழுந்தது. "வாட்டி வெளிய! வாட்டி எனக்க தங்கமே!" என்று பிள்ளையோடு சேர்த்துத் தெருவுக்கு இழுத்துப் போனாள். ஏழு பெண்களும் இல்லாத தென்னைகளின் நிழலில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள், யாரோ அவள் வாயில் சீனியைத் திணித்தார்கள், யாரோ தலையில் பிளாஸ்டிக் பூவைச் செருகினார்கள், கருவாட்டுக்காரியும் மத்தியாஸும்கூடக் கைகொட்டிச் சிரித்தார்கள். பிரிஜித்தாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, தன் சிரிப்பைத் தானே பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோலக் கேட்டாள். ஒருவேளை, என்று ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை நிழல் தப்பாக வந்திருக்கலாம், அவசரப்பட்டிருக்கலாம். வாயிலிருந்த சீனியோடு வீட்டுக்கு ஓடினாள், தார்ப்பாயைப் பிடித்து இழுத்தாள்.

நின்றுகொண்டிருந்தது. பாதி விரலோடு.

அவள் சீனியை விழுங்கினாள்.

நாலு நாள் ரயில். அந்த நாலு நாளும் ஆறு வீட்டில் தரை கழுவினார்கள், போர்வை காயப் போட்டார்கள். "அவிய வந்ததும் ஒரு நெய்மீன் கொழம்பு வைக்கணும், கடல்ல எனக்குன்னு ஒரு மீன் இன்னும் இருக்கும்லா," என்றாள் டெல்பின். "நீயும் வீட்டத் தொறந்து போடுட்டி, அவன் வாறப்ப இருட்டா கெடக்கதா?" பிரிஜித்தா ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் டெல்பினின் கண்ணில் இருபது நாள் கழித்து வந்த உறக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர்கள் வருகிறார்கள், அது நிச்சயம். அது மட்டும்தான் நிச்சயம். நேரில் வந்து அவர்களே சொல்லட்டும், இந்த நாலு நாளையாவது யாரும் யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பேருந்து வருகிற நேரத்துக்கு ஊர் முழுதும் வாதாமரத்து நிழலில் கூடியது. பிரிஜித்தா போகவில்லை. அவள் கூரைமேல் ஏறி இரண்டு தார்ப்பாயையும் அவிழ்த்துப் போட்டாள். ஜன்னல் சேலைகளைக் கழற்றினாள், இடுக்குகளில் திணித்த துணியை எல்லாம் பிடுங்கினாள். பதினாறு நாளைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வெயில் தயங்காமல் வந்தது. உலை வைத்து, சோறு வடித்து, தட்டில் ஒரு கை சோறும் கொஞ்சம் மீன் சாறும் போட்டாள். உச்சி வேளை ஆகியிருந்தது. நிழல் விழுந்தது, பிள்ளை போய் அதில் படுத்தது, உறங்கிற்று.

தெருமுனையில் எழுந்த ஆரவாரம் பாதியிலேயே அறுந்ததை அவள் கேட்டாள். இறங்கியவர்களை எண்ணியிருப்பார்கள்.

எரோணிமுஸ் வாசலில் வந்து நின்றார். தாடி வளர்ந்து, வெயிலில் வெந்து தோலுரிந்து, யாரோ கொடுத்த அளவு தப்பிய சட்டையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர். அவர்களுக்குப் பின்னால் டெல்பின், அவளுக்குப் பின்னால் ஊர்.

"பிரிஜி..." என்றார்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் அவள். "அவிய உங்களுக்கு முந்தியே வந்தாச்சு."

ஆறு பேரும் உள்ளே வந்து தரையைப் பார்த்தார்கள். பாதி விரலைப் பார்த்தார்கள். நிழலின் ஓரத்தை மிதிக்காமல் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றார்கள்.

"எப்ப வந்தான்?" என்றார் எரோணிமுஸ்.

"பொயலுக்கு அடுத்த புதன்கிழம காலம்பற."

"ஆறு நாளுலயா. டீசலு தீந்து, காத்து இழுத்த பக்கம் கெடந்து, நாங்க வர இருபத்திரெண்டு நாளாச்சு பிள்ளே."

பிறகு அவர் நிழலைப் பார்த்தே சொன்னார். "மொத ராத்திரி. அறுந்த கயிறு ஒண்ணு அடியில விசிறியில சுத்தி இஞ்சின் நின்னு போச்சு. போட்டு அலைக்கு வெலாவக் காட்டிட்டு நிக்கி, அடுத்த அலைக்குக் கவுந்துரும். அவன் ஆருட்டயும் கேக்கல்ல. இடுப்புல கயித்தக் கெட்டிட்டு, கத்திய வாயில கடிச்சிட்டு எறங்கிட்டான். வெட்டியாச்சுன்னு கயித்த ஆட்டிக் காட்டினான். அவன் ஏறி வரட்டும்னு நின்னா... அலை வருது. நான் இஞ்சினப் போட்டேன் பிள்ளே. நாந்தான் போட்டேன். போன்ல சொல்ல எனக்குத் தைரியம் வரல்ல. நீ என்னிய என்ன வேணா செய்யி." சொல்லச் சொல்லக் குரல் ஏறி, கடைசி வார்த்தை வீட்டுக்கு வெளியேயும் கேட்டது.

பிரிஜித்தா ஒரு விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணே. பிள்ள ஒறங்குது."

டெல்பின் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். உயிரோடு நிற்கிற தன் புருஷனை ஒரு தடவை பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அடுக்களைப் பலகையில் நிமிர்ந்திருந்த தட்டைப் பார்த்தாள்.

"பதினாறு நாளு," என்றாள் மெதுவாக. "நான் தெனமும் வந்தேனேட்டி. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லியிருந்தா நீங்க தட்டக் கவுத்துருப்பிய மைனி."

டெல்பின் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறவனுக்காகத் தட்டு கவிழ்ந்து மணி அடித்திருந்தால், நடுக்கடலில் தாகத்தோடு கிடந்த அந்த ஆறு பேருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆறு பேரும் தங்கள் காலடியைக் குனிந்து பார்த்தார்கள். அவரவர் நிழல் அவரவர் காலோடு இருந்தது.

முற்றத்தில் கோயில்பிள்ளை சந்தியாகு தலைத்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். "மக்களே, நான் கோயிலுக்குப் போட்டா?" என்று கேட்டார்.

"போங்க. ஆனா பிள்ள முழிக்கட்டும்," என்றாள் பிரிஜித்தா. "இது ஒறங்கி முழிக்கட்டும் பாட்டா. அது வரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

ஊர் பொறுத்தது. பவுலு போய் பாய்லரின் நெருப்பை அணைத்துவிட்டு வந்தார், அதன் இரைச்சல் நின்றது. நாய்களைப் பிடித்துக் கட்டினார்கள். அழுகிற பிள்ளைகளைக் கடற்கரைக்குத் தூக்கிப் போனார்கள். கோயில்பிள்ளை மணிக்கூண்டின் அடியில் கயிற்றைத் தொடாமல் நின்றார். புயலுக்கு அடங்காத ஊர், பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கிற ஊர், ஒரு ஏழு மாதப் பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றது. வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய, நிழலும் நீண்டு நகர்ந்தது, பிள்ளையின் காலில் வெயில் பட்டது, வயிற்றில் பட்டது. நிழலின் தோள் மட்டும் கடைசிவரை அதன் கண்ணை மறைத்துக்கொண்டு இருந்தது. பிறகு அதுவும் விலகிற்று.

ஸ்டெல்லா கண்ணைத் திறந்து, சுற்றிலும் நின்ற இத்தனை முகங்களையும் விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த நிழலைப் பார்த்துச் சிரித்தது.

பிரிஜித்தா தட்டை எடுத்துக்கொண்டு வந்து, நிழலின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்தாள். அதற்கு இன்னும் சோறு ஊட்டத் தொடங்கவில்லை. அப்பா தங்கலிலிருந்து வந்ததும் முதல் சோறு ஊட்டுவதாகப் பேச்சு இருந்தது. நாலு பருக்கையை விரலால் மசித்து வாயில் வைத்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, பாதியைத் துப்பிற்று, பாதியை விழுங்கிற்று, பிறகு இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தது. அவள் ஊட்டினாள். தட்டு தீர்ந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். சேலையால் துடைத்தாள். பலகையில் வைத்து, ஒரு கையால் முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து, கவிழ்த்தாள்.

மணி அடித்தது.

அவள் திரும்பித் தரையைப் பார்க்கவில்லை. பின்னால் டெல்பினும் ஆறு ஆண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்ததைக் கேட்டாள், அது போதும். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு வந்த தட்டு அது. இரண்டு வருஷமாக நிமிர்ந்தே இருந்ததால் அதன் முதுகை அவள் நின்று பார்த்ததே இல்லை, கழுவும்போது விரலில் தட்டுப்பட்டதோடு சரி. அங்கே, பாத்திரக் கடைக்காரன் புள்ளி புள்ளியாகக் குத்தி வெட்டிய எழுத்தில், அவள் பெயரும் அவன் பெயரும் கல்யாணத் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஸ்டெல்லா கையை நீட்டி அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவியது.